விண்டோஸோடு வரும் பழுதுநீக்கும் கருவிகள்: எதை நம்பலாம், எதைத் தாண்டிப் போகலாம்

கணினி மெதுவாகிவிட்டது, வேலை நடுவே ஹேங் ஆகிறது, நீலத்திரை (விண்டோஸ் முடங்கி நிற்கும் பிழைத் திரை) வருகிறது என்றதும் பலர் இணையத்தில் தேடி ஏதாவது ஒரு ‘பிசி கிளீனர்’ மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. வீட்டுக் கணினியில் வழக்கமாக வரும் பழுதுகளைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் வேண்டிய கருவிகள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், விளம்பரம் பார்க்க வேண்டாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் பலவீனமான கருவிகளைக் கண்ணில் படும்படி முன்னால் வைத்துவிட்டு, உருப்படியானவற்றை உள்ளே எங்கோ ஒளித்துவைத்திருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள அந்தக் கருவிகளில் எதை எப்போது எடுக்கலாம், எது வெறும் நேர விரயம், எதைத் தொடுமுன் யோசிக்க வேண்டும் என்பதுதான் இந்த விமர்சனம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவிகள் இரண்டு வகை. சில வெறுமனே பார்த்துச் சொல்லும். சில கணினியில் மாற்றம் செய்யும். பார்த்துச் சொல்பவற்றை முழுதாகப் பயன்படுத்திய பிறகே மாற்றுபவற்றைத் தொட வேண்டும். பழுது பெரிதாவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிப்போவதுதான்.

ரிலையபிலிட்டி மானிட்டர்

இருப்பதிலேயே சிறந்தது எது என்றால் தயங்காமல் இதைச் சொல்லலாம். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது; ஆனாலும் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கினாலே ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று வந்துவிடும். திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம். சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருந்தால் அன்று ஏதோ ஒன்று செயலிழந்திருக்கிறது. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. நிறுவல் தோல்வி போன்றவை அதில் வரும். நீலக் குறி, அன்று நிறுவப்பட்டவை, அப்டேட் ஆனவை போன்ற தகவல்கள்.

இதைப் படிக்கும் முறை எளிது. முதல் சிவப்புக் குறி எந்த நாளில் விழுந்தது என்று பாருங்கள். பிறகு அதே நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் உள்ள நீலக் குறிகளைப் பாருங்கள். ஒரு கிராஃபிக்ஸ் டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர்), புதிய ஆன்டிவைரஸோ, ஒரு விண்டோஸ் அப்டேட்டோ அங்கே இருந்தால் சந்தேகப்பட வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார். ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்ற புகாருக்கு இதைவிட நேரடியான பதில் விண்டோஸில் வேறெங்கும் கிடைக்காது.

சிவப்புக் குறியில் உள்ள பதிவைத் திறந்து ‘வியூ டெக்னிக்கல் டீடெயில்ஸ்’ போனால், புரோகிராம் முடங்கிய பதிவுகளில் ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ (பிழை நேர்ந்த மென்பொருள் துண்டின் பெயர்) என்று ஒரு வரி இருக்கும். வெவ்வேறு புரோகிராம்கள் முடங்கியிருந்தும் அந்த மாட்யூல் மட்டும் ஒன்றாகவே இருந்தால், பழுது அந்த மாட்யூல் சேர்ந்த டிரைவரிலோ மென்பொருளிலோ இருக்கிறது. மாறாக, ஒவ்வொரு முறையும் வேறு புரோகிராம், வேறு மாட்யூல், வேறு பிழை எண் என்று தலையும் காலும் புரியாமல் இருந்தால் மென்பொருளைத் துரத்துவதை விட்டுவிட்டு, கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

குறையும் உண்டு. மேலே ஓடும் 1 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. ஏதோ ஒரு சிறு புரோகிராம் இரண்டு முறை முடங்கினாலும் மதிப்பெண் சரியும். சும்மா விட்டால் மெல்ல ஏறும். மதிப்பெண்ணைப் பார்க்காமல் குறிகளை மட்டும் படியுங்கள். மேலும், வேகக் குறைவைப் பற்றி இது வாய் திறக்காது.

ஈவன்ட் வியூவர்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே இருக்கிறது. தகவல் குவியல் என்ற அளவில் இதற்கு இணை இல்லை. ஆனால் குவியலாகவே இருப்பதுதான் சிக்கல். எந்தப் பழுதும் இல்லாத கணினியிலும் இங்கே நூற்றுக்கணக்கில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்’ என்று தொலைபேசியில் அழைக்கும் மோசடிக்காரர்கள் முதலில் திறக்கச் சொல்வது இந்தத் திரையைத்தான். சிவப்பைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பார்கள். சிவப்பு இருப்பதே பழுது அல்ல.

இதை முழுதாகப் படிக்க முயலவே வேண்டாம். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய்ச் சில எண்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதும். கெர்னல்-பவர் 41 என்பது, முந்தைய முறை கணினி முறைப்படி அணையவில்லை என்ற செய்தி மட்டுமே. பலர் இதையே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், இது விளைவு. அந்தப் பதிவின் டீடெயில்ஸ் பகுதியில் ‘பக்செக்கோட்’ (நீலத்திரையின் பிழை எண்) சுழியமாக இருந்தால் விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது பவர் சப்ளை, மின்வெட்டு, அதிகச் சூடு, அல்லது யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார்களா என்பது. சுழியம் அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி. 153 என்றால் படிப்பதோ எழுதுவதோ ஒரே முறையில் முடியாமல் மறுபடி முயல வேண்டியிருந்தது. ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பிழை வந்தால், அது வன்பொருளே தன் வாயால் சொல்லும் புகார்.

டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். வேகக் குறைவுக்கு இதைவிட நல்ல கருவி தேவையில்லை. ஆனால் எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

பர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுத்து ‘அப் டைம்’ என்ற வரியைப் பாருங்கள். தினமும் ஷட் டவுன் செய்யும் கணினியில் அது பல நாட்களைக் காட்டினால் திகைக்க வேண்டாம். விண்டோஸ் 8இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக அணைவதில்லை. அதன் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த நாள் அப்படியே எழுகிறது. டிரைவர்களின் பழைய குழப்பமும் கூடவே எழும். உண்மையில் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். யுஎஸ்பி சாதனம் தெரியவில்லை, ஒலி வரவில்லை, வைஃபை பட்டன் காணோம் போன்றவற்றில் பல, ஷட் டவுனில் போகாமல் ரீஸ்டார்ட்டில் போவதன் காரணம் இதுவே. இது அடிக்கடி நடந்தால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ சென்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத வேகமான டிஸ்க்) உள்ள கணினியில் அதனால் இழப்பது சில நொடிகளே.

அடுத்து டிஸ்க். 100 சதவீதம் என்று காட்டுவது மட்டும் போதிய தகவல் அல்ல. கூடவே படிக்கும், எழுதும் வேகத்தையும் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்பதையும் பாருங்கள். 100 சதவீதமும், வேகம் நொடிக்குப் பல பத்து எம்பியும் என்றால் டிஸ்க் உண்மையிலேயே வேலை செய்கிறது. அப்டேட்டோ, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஸ்கேனோ ஓடுகிறது, சற்றுக் காத்திருந்தால் அடங்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில், சின்னச் சின்னக் கோப்புகளாகப் படிக்கும்போது நொடிக்கு ஓரிரண்டு எம்பியோடு 100 சதவீதம் காட்டுவதும் இயல்பே. ஆனால் வேகம் ஒரு எம்பியைக்கூடத் தொடாமல், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் நின்றால் அது டிஸ்க் சாகும் அறிகுறி, அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. எந்தக் கிளீனரும் இதைச் சரிசெய்யாது.

மடிக்கணினி மட்டும் திடீரென ஆமை வேகத்துக்கு வந்துவிட்டால் சிபியு பக்கத்தில் ‘ஸ்பீட்’ எண்ணைப் பாருங்கள். வேலை கொடுத்த பிறகும் ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே அது நின்றால் விண்டோஸைக் குறை சொல்லாதீர்கள். பொருந்தாத சார்ஜர், அடைத்த விசிறி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்றவற்றை டிஸேபிள் செய்வது பாதுகாப்பானது. எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் டாஸ்க் மேனேஜர் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஷெட்யூல்ட் டாஸ்க், சர்வீஸ், எக்ஸ்ப்ளோரர் நீட்சிகள் வழியாகத் தொடங்குபவை தெரிய வேண்டுமானால் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கிய தொகுப்பு இது, இலவசம். விண்டோஸோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டியது, வரவில்லை. அதில் ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் விண்டோஸுக்கே தேவையான ஒன்றை அணைத்துவிடும் ஆபத்து உண்டு.

எஸ்எஃப்சியும் டிஸ்மும்

எந்தப் பிரச்சினைக்கும் ‘எஸ்எஃப்சி ஓட்டுங்கள்’ என்று சொல்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கருவி நல்லது, சடங்குதான் தவறு. எஸ்எஃப்சி செய்வது ஒன்றே ஒன்று: பாதுகாக்கப்பட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்து, சிதைந்தவற்றுக்குப் பதிலாகத் தன் சேமிப்பிலிருந்து நல்ல பிரதியை வைக்கும். உங்கள் பிரவுசரையோ பிரிண்டர் டிரைவரையோ அது தொடாது.

அந்தச் சேமிப்பே சிதைந்திருந்தால் எஸ்எஃப்சியால் என்ன செய்ய முடியும்? ‘சிதைந்த கோப்புகள் உள்ளன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று கைவிரித்துவிடும். அதனால்தான் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. டிஸ்ம் அந்தச் சேமிப்பை விண்டோஸ் அப்டேட் வழியாக இறக்கிச் சீர்செய்யும். ஆகவே இணையம் வேண்டும். டெர்மினலையோ கமாண்ட் பிராம்ப்டையோ ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, டிஐஎஸ்எம் என்ற நான்கு எழுத்தும், அதன்பின் ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் ஒரு சாய்கோடும். கிளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவே சிறு கோடு. சதவீதம் ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ்.

எஸ்எஃப்சி சொல்லும் முடிவை நிதானமாகப் படியுங்கள். ‘இன்டெக்ரிட்டி வயலேஷன்’ எதுவும் இல்லை என்று வந்தால் விண்டோஸ் கோப்புகள் நன்றாக உள்ளன. மறுபடி மறுபடி ஓட்டுவதால் ஒன்றும் மாறாது, வேறு இடத்தில் தேடுங்கள். சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் மகிழ்ச்சி. ஆனால் அடுத்த வாரமும் அதையே சொன்னால், கோப்புகளை ஏதோ ஒன்று மீண்டும் சிதைக்கிறது. அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் டிஸ்க் அல்லது ரேம்.

செக்டிஸ்க்: மிகுந்த கவனம் தேவை

இந்தப் பட்டியலில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் கருவி இது. ‘திஸ் பிசி’யில் டிரைவின் மேல் ரைட் கிளிக், பிராபர்டீஸ், டூல்ஸ், செக் என்று போனால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்பாக ஒரு பரிசோதனை நடக்கும். தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கமாண்ட் வழியாக ஓட்டும்போது ‘எஃப்’ என்ற சுவிட்ச் கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும். ‘ஆர்’ என்ற சுவிட்ச் அதையும் செய்து, டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் (சிறு சேமிப்புத் துண்டையும்) படித்துக் கெட்டதைத் தேடும். பெரிய ஹார்ட் டிஸ்கில் இது பல மணி நேரம் ஆகும். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்கை இப்படி முழுதாகப் படிக்கவைப்பது அதன் கடைசி மூச்சையும் பிடுங்குவதற்குச் சமம். மேலும் செக்டிஸ்கின் நோக்கம் கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவது. உங்கள் புகைப்படங்களை மீட்பது அல்ல. ஒழுங்குக்கு இடைஞ்சலான கோப்புத் துண்டுகளை அது தயங்காமல் வெட்டிவிடும். ஆகவே டிஸ்க் மேல் சந்தேகம் வந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது, இரண்டாவது வேலை டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பது, செக்டிஸ்க் அதற்கும் பிறகு.

உடல்நிலையைப் பார்க்க விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக ‘டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ்’ போனால் என்விஎம்இ என்ற புதிய வகை வேக எஸ்எஸ்டிகளுக்கு மட்டும் மீதமுள்ள ஆயுள் தெரியும். பழைய இணைப்பு வகையான சாட்டா டிஸ்குகளை அது கண்டுகொள்வதில்லை. இது பெரிய குறை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இந்த இடைவெளியை நிரப்புகிறது. அதில் 05 என்ற எண்ணுள்ள வரி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். சி5 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை சுழியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்கை உடனே குறை சொல்லாமல் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். செலவு குறைந்த பழுது அது.

விண்டோஸ் இருக்கும் டிரைவில் எஃப், ஆர் சுவிட்சுகளோடு செக்டிஸ்க் ரீஸ்டார்ட்டின்போதுதான் ஓடும்; முடிவு திரையில் மின்னி மறைந்துவிடும். அதை ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் ‘வின்இனிட்’ என்ற பெயரில் தேடிப் படிக்கலாம்.

மெமரி டயக்னாஸ்டிக்

போதுமானது, அவ்வளவே. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி, ரீஸ்டார்ட் கொடுத்ததும் சோதனை ஓடும் நீல நிறத் திரையில் எஃப்1 அழுத்தினால் பேசிக், ஸ்டாண்டர்ட், எக்ஸ்டெண்டட் என்று மூன்று அளவுகள் வரும். இயல்பாக இருப்பது ஸ்டாண்டர்ட். இடைவிட்டு வரும் பழுது அதில் நழுவிவிடும். எக்ஸ்டெண்டட் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்தி, இரவு முழுக்க ஓட விடுவதே முறை. பிழை காட்டினால் அதை நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் முழுதாக நம்ப முடியாது. சந்தேகம் தொடர்ந்தால் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் போட்டு ஓட்டுங்கள்.

ரேம் வாங்கும் முன் ஒன்று: பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் கெடவில்லை, அந்த வேகத்தை அந்தக் கணினி தாங்கவில்லை. பிழை இருந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்துச் சோதித்து, பிறகு ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள்.

டிரபிள்ஷூட்டர்களும் ‘கெட் ஹெல்ப்’பும்

செட்டிங்ஸில் முன்னால் நிற்பது இதுதான்; பயனில் பின்னால் நிற்பதும் இதுதான். பழைய டிரபிள்ஷூட்டர்கள் ஓடிய அடித்தளத்தை மைக்ரோசாஃப்ட் கைவிடும் முடிவை 2023இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘ஃபாலினா’ என்று பெயர்பெற்ற பாதுகாப்பு ஓட்டை அதே அடித்தளத்தில்தான் வெளிப்பட்டது. இப்போது அவை கெட் ஹெல்ப் செயலிக்குப் போய்விட்டன. அது கேள்வி கேட்கும், சில பொது ஆலோசனை சொல்லும், தீர்ந்ததா என்று கேட்கும். ஒலிக்கும் புளூடூத்துக்கும் சில நேரம் பலன் தருகிறது. பிரிண்டருக்கும் நெட்வொர்க்குக்கும் கையால் செய்வதே விரைவு.

பிரிண்டர் வரிசையில் ஒரு வேலை சிக்கி அழியவும் மறுக்கிறது என்றால்: சர்வீசஸ் திரையில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ (அச்சு வரிசையைக் கையாளும் சேவை) என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உள்ள கோப்புகளை அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். சில நிமிட வேலை.

இணையம் வரவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கொடுத்துப் பாருங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. ரூட்டரையும் கேபிளையும் வைஃபையையும் பாருங்கள், பிரவுசரைத் தொடாதீர்கள். முகவரி சரியாக இருந்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ (ரூட்டரின் முகவரி) எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை வழி சரி. அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங். அதுவும் சரியாக இருந்து இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது, பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில். அதை மாற்றினால் தீரும். செட்டிங்ஸில் உள்ள ‘நெட்வொர்க் ரீசெட்’ கடைசி ஆயுதம். எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் எடுத்துவிட்டு மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொற்களை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவவும் நேரலாம்.

எல்லா இணையதளமும் ‘சான்றிதழ் பிழை’ என்று சொன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மேசைக் கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. இதை எந்த டிரபிள்ஷூட்டரும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை.

ரெகவரி சூழல்

விண்டோஸுக்கு வெளியே தனியாக எழும் இந்தப் பழுதுநீக்கும் திரைதான், விண்டோஸ் எழவே மறுக்கும்போது இருக்கும் துணை. துணை என்ற சொல்லுக்கு ஏற்ற தரமும் இருக்கிறது. விண்டோஸ் ஓடினால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஓடவில்லை என்றால், தொடர்ந்து இரண்டு முறை தொடக்கம் தோற்றபின் அடுத்த முறை தானாகவே அந்தத் திரை வர வேண்டும். லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தும் வரவழைக்கலாம்.

உள்ளே ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ முதலில் கண்ணில் படும். ஓடட்டும், கெடுதல் இல்லை. பூட் அமைப்பு கெட்டிருந்தால் சரிசெய்யும், மற்றதற்கு ‘முடியவில்லை’ என்று சொல்லும். அதைவிடப் பயனுள்ளவை இரண்டு. ஒன்று, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அப்டேட்டுக்கு மறுநாளே பழுது தொடங்கியிருந்தால் கடைசி குவாலிட்டி (மாதாந்தர) அப்டேட்டை இங்கிருந்தே எடுக்கலாம். புதிய பதிப்பைக் கொண்டுவரும் ஃபீச்சர் அப்டேட்டைத் திருப்ப இயல்பாக 10 நாள் அவகாசம்தான். மற்றொன்று சேஃப் மோட் (மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறை): ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4 அல்லது 5 அழுத்தினால் வரும், 5இல் இணையமும் இருக்கும். சேஃப் மோடில் பழுது மறைந்தால் குற்றவாளி ஒரு டிரைவரோ வெளி மென்பொருளோ. அங்கேயும் தொடர்ந்தால் வன்பொருள் அல்லது விண்டோஸே.

இங்கே ஒரு பெரிய பொறி. டிஸ்க், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் இந்தச் சூழலில் பல வேலைகள் நடக்காது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. வீட்டில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றபோது, தீர்வு சேஃப் மோடில் ஒரு கோப்பை அழிப்பதுதான். கீ கையில் இல்லாத இடங்களில்தான் அந்த எளிய வேலை நாட்கணக்கில் இழுத்தது. அவை பெரும்பாலும் நிறுவனக் கணினிகள். ஆனால் பூட்டு ஒன்றுதான். கணினி நன்றாக இருக்கும் இன்றே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

திரும்பப் போகும் வழிகள்

சிஸ்டம் ரீஸ்டோர் அருமையான வசதி. சொந்தக் கோப்புகளைத் தொடாமல், டிரைவர், மென்பொருள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) ஆகியவற்றைப் பழைய நாளுக்குக் கொண்டுபோகும். கொடுமை என்னவென்றால் பல கணினிகளில் இது அணைந்தே கிடக்கிறது. தேவைப்படும் நாளில் திறந்தால், திரும்பப் போக ஒரு ரீஸ்டோர் பாயிண்ட்கூட இருக்காது. ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்’ என்று தேடி, சி டிரைவுக்கு கான்ஃபிகர் கொடுத்து இயக்கி, 5 சதவீத இடம் ஒதுக்குங்கள்.

‘ரீசெட் திஸ் பிசி’ என்பதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைப் பார்த்து எல்லாம் தப்பும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபைல்ஸ் மட்டுமே தப்பும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். போனவற்றின் பட்டியல் டெஸ்க்டாப்பில் கிடைக்கும். கிளவுட் டவுன்லோட், லோக்கல் ரீஇன்ஸ்டால் இரண்டில், விண்டோஸ் கோப்புகளே சிதைந்திருந்தால் கிளவுட்தான் சரி. 4 ஜிபிக்கு மேல் இறங்கலாம்.

ரீசெட்டுக்குப் போகுமுன் முயல வேண்டிய, ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று விண்டோஸ் 11இல் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பகுதியில் ‘ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’. இது உங்கள் மென்பொருள், கோப்பு, அமைப்புகள் அனைத்தையும் விட்டுவைத்து விண்டோஸை மட்டும் தன் மேலேயே மறுபடி நிறுவுகிறது. டிஸ்மும் எஸ்எஃப்சியும் கைவிட்ட இடத்தில், அப்டேட் தொடர்ந்து தோற்கும் இடத்தில், அடுத்த படி இதுதான். விண்டோஸ் எழுந்து ஓட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விண்டோஸ் 10இல் இதே வேலையை, விண்டோஸின் நிறுவல் பிரதியான ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து உள்ளிருக்கும் செட்அப்பை ஓட்டி, ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ தேர்ந்தெடுத்துச் செய்யலாம். ஆனால் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத கணினியில் இவ்வளவு உழைப்பைப் போடுமுன் அதையும் கணக்கில் எடுங்கள்.

வெளியிலிருந்து வருபவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் கிடக்கும் சில ஆயிரம் பதிவுகள் வேகத்தைக் குறைப்பதில்லை. தவறான ஒன்றை அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். இவற்றைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. டிரைவர் அப்டேட்டர்களும் அப்படித்தான்: பெயர் பொருந்தினாலும் உங்கள் மாடலுக்குப் பொருந்தாத டிரைவரைப் போட்டுவிடும். டிரைவர் வேண்டுமானால் விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’, இல்லையென்றால் கணினி தயாரித்த நிறுவனத்தின் தளம்.

இடம் போதவில்லை என்றால், தேவையற்ற கோப்புகளை நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறது என்று கையால் அழிக்காதீர்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதிகளை எடுக்கும் சேமிப்பு அதுதான். வைரஸ் சந்தேகத்துக்கு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். விண்டோஸ் எழுமுன்பே ஓடுவதால், விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் தீம்பொருளுக்கு அங்கே மறைவிடம் கிடைக்காது.

கடைசியாக, கணினி நன்றாக இருக்கும்போதே மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஒரு நிறுவல் பென்டிரைவ் தயார்செய்து வையுங்கள். 8 ஜிபியாவது இருக்க வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், எனவே காலியான ஒன்றை எடுங்கள். டிஸ்கில் உள்ள ரெகவரி பகுதியே கெட்டுப்போனால், சேஃப் மோட் நீங்கலாக மேலே சொன்ன ரெகவரி கருவிகளில் பலவற்றை இதிலிருந்து திறக்கலாம். பயாஸின் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவலைத் தொடங்காமல் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ அல்லது ‘ரிப்பேர் மை பிசி’ என்று இருப்பதை அழுத்த வேண்டும்.